நொண்டலா, விக்கலா? எடிட்டிங்கில் வெளி மானிட்டர் முன்னோட்டம்

எடிட்டிங் மென்பொருளின் சின்னக் கட்டத்தில் பார்க்கும்போது, கோயில் கோபுரத்தைக் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்த பேன் ஷாட் ஓரளவு ஓடுகிறது. அதையே பக்கத்து மானிட்டரில் முழுத்திரையாக விட்டால் கோபுரம் சீராக நகராமல் தடுமாறித் தடுமாறி நகர்கிறது. 'ஜெர்க் அடிக்குது' என்று சொல்லிவிட்டுப் பெரும்பாலானவர்கள் அடுத்து கிராபிக்ஸ் கார்டு விலையைத்தான் விசாரிக்கிறார்கள். பல நேரம் அந்தப் பணம் வீண். பிரச்சினை கம்ப்யூட்டரின் வேகத்தில் இல்லாமல், மானிட்டரின் ஹெர்ட்ஸுக்கும் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது) டைம்லைனின் ஃபிரேம் எண்ணிக்கைக்கும் (வீடியோவில் நொடிக்கு எத்தனை படம்) உள்ள வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

ஜெர்க் இரண்டு விதம். ஒன்றை நொண்டல் என்றும் மற்றதை விக்கல் என்றும் வைத்துக்கொள்வோம். எல்லா ஃபிரேமும் திரைக்கு வந்தும் ஒன்று கொஞ்ச நேரமும் அடுத்தது அதிக நேரமும் நின்றால் அது நொண்டல். கால் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்பது போல. ஃபிரேமே வராமல் போய், படம் ஒரு கணம் நின்று தாவினால் விக்கல். இரண்டுக்கும் மருந்து வேறு. பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படுத்தும் இலகுவான நகல் ஃபைல்) செய்து நொண்டலைச் சரிசெய்ய முடியாது. ஹெர்ட்ஸை மாற்றி விக்கலை நிறுத்த முடியாது.

எது என்று மென்பொருளே சொல்லிவிடும். பிரீமியர் புரோவில் புரோகிராம் மானிட்டரின் செட்டிங்ஸ் மெனுவில் 'ஷோ டிராப்டு ஃபிரேம் இண்டிகேட்டர்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் கீழே ஒரு சின்ன விளக்கு வரும். ஃபிரேம் விடுபடாதவரை பச்சை, விடுபட்டால் மஞ்சள். டாவின்சி ரிசால்வில் வியூவரின் மேலேயே ஓடும் வேகத்தைக் காட்டும் எண் இருக்கும். டைம்லைன் 25 என்றால் அது 25-ல் பச்சைப் புள்ளியோடு நிற்க வேண்டும். விளக்கு பச்சை, எண் சரி, ஆனால் மானிட்டரில் மட்டும் உதறல் என்றால் அது நொண்டல்தான். முதலில் அதைப் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் பேருக்கு இருப்பது அதுதான், செலவில்லாமல் தீர்வதும் அதுதான்.

நம் பக்கம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். அந்த மினுக்கல் படத்தில் பட்டையாக விழாமல் இருக்கத்தான் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துப் படம் பிடிக்கிறோம். டிவி ஒளிபரப்பும் 25-தான். ஆனால் கடையில் வாங்கும் மானிட்டர், லேப்டாப் திரை பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 60 ஹெர்ட்ஸில் வருகின்றன. 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. பாதி, கால் என்று ஃபிரேமைத் துண்டு போட்டுக் காட்ட முடியாது. அதனால் ஒரு ஃபிரேமை 2 முறை, அடுத்ததை 2 முறை, பிறகு 3 முறை, 2 முறை, 3 முறை என்று ஐந்து ஃபிரேமை 12 புதுப்பிப்பில் அடக்குகிறது. ஒவ்வொரு ஃபிரேமும் 40 மில்லிசெகண்ட் நிற்க வேண்டியதற்குப் பதில் சில 33, சில 50 மில்லிசெகண்ட் நிற்கின்றன. முகத்தின் குளோசப்பில் இது தெரியாது. பக்கவாட்டில் நகரும் எதிலும் தெரியும். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் கண்ணைக் குத்தும்.

சினிமாவுக்கான 24 ஃபிரேமுக்கும் இதே கதி. 60-ல் 2, 3, 2, 3 என்று மாறி மாறி நிற்கும். 30 ஃபிரேமுக்கு மட்டும்தான் 60 ஹெர்ட்ஸ் சரியாகப் பொருந்துகிறது. ஆகவே 25 ஃபிரேம் வேலைக்கு மானிட்டர் 50, 75 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 24-க்கு 48, 72, 120, 144. 30-க்கு 60, 120, 240. இதில் ஒரு வேடிக்கை: விளையாட்டுக்காகப் பணம் கொட்டி வாங்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 25 ஃபிரேமுக்கு நொண்டும், 5.76 வருகிறது. ஆபீஸ் மானிட்டர் என்று மலிவாக விற்கும் 75 அல்லது 100 ஹெர்ட்ஸ் திரையில் அதே காட்சி வழுக்கிக்கொண்டு போகும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரே கையில் இருந்தால் அதை 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுங்கள். பெரும்பாலானவற்றில் அந்தத் தேர்வு இருக்கும்.

விண்டோஸில் மாற்றும் இடம்: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. மேலே எந்த மானிட்டர் என்று தேர்ந்தெடுத்த பிறகு ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மெயின் திரைதான் மாறும். பட்டியலில் 50 இல்லையென்றால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பகுதிக்குப் போய், கஸ்டமைஸ் என்பதை அழுத்தி, 1920 பெருக்கல் 1080, 50 ஹெர்ட்ஸ் என்று நீங்களே ஒன்றை உருவாக்கிச் சோதிக்கலாம். மானிட்டர் ஏற்கவில்லையென்றால் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், பயப்பட வேண்டாம். டிவியை எச்டிஎம்ஐயில் மாட்டினால் பெரும்பாலும் 50 பட்டியலிலேயே இருக்கும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ். 14, 16 அங்குல மேக்புக் புரோவின் சொந்தத் திரைக்கே 47.95, 48, 50, 59.94, 60 என்று எல்லாம் இருக்கின்றன.

47.95 எதற்கு என்று கேட்கலாம். கேமராவில் 24 என்று எழுதியிருந்தாலும் பல கேமராக்கள் பதிவது 23.976. அதைச் சரியாக 48 ஹெர்ட்ஸில் ஓடும் திரையில் காட்டினால் சுமார் 21 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். சீரான இடைவெளியில் ஒரு சின்ன உதறல் தவறாமல் வருகிறது, கிளிப்பை மாற்றினாலும் வருகிறது என்றால் இங்கே தேடுங்கள்.

மாற்றியது உண்மையில் திரைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் மட்டும் தீர்மானிக்காதீர்கள். செல்போன் போதும். ரிசால்வில் வொர்க்ஸ்பேஸ் மெனுவில் டேட்டா பர்ன்-இன் திறந்து டைம்லைனின் டைம்கோடை (மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் எண்) படத்தின் மேல் வரவையுங்கள்; பிரீமியரில் டைம்கோட் எஃபெக்ட். எழுத்தைப் பெரிதாக வையுங்கள். வெளி மானிட்டரில் காட்சியை ஓடவிட்டு, போனை ஏதாவது ஒன்றின் மேல் சாய்த்து அசையாமல் வைத்து, 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் ஐந்து நொடி பிடியுங்கள். பிறகு போனில் பிடித்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டிப் பாருங்கள். டைம்கோடின் கடைசி இரண்டு இலக்கம் எத்தனை போன்-ஃபிரேமுக்கு மாறாமல் நிற்கிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். 25 ஃபிரேம் காட்சி 60 ஹெர்ட்ஸில் ஓடினால் 8, 8, 12, 8, 12 என்று வரும். 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் ஓடினால் எல்லாம் 9 அல்லது 10. 24 ஃபிரேம் 120 ஹெர்ட்ஸில் என்றால் ஒவ்வொன்றும் 10. எல்சிடி மேலிருந்து கீழே வரி வரியாகப் புதுப்பிக்கப்படுவதால் பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும் ஃபிரேம் இடையில் வரும். ஒன்று கூடக் குறைய எண்ணலாம், அதனால் முடிவு மாறாது. வரிசையில் திடீரென்று ஒரு 19 அல்லது 20 வந்தால் அந்த இடத்தில் ஒரு ஃபிரேம் இருமடங்கு நேரம் நின்றிருக்கிறது. எண் ஒன்று தாண்டியும் போயிருந்தால் அது விக்கல், உறுதி. இந்தப் பத்து நிமிட வேலை எந்த விவாதத்தையும் முடித்துவிடும்.

அடுத்து ஒயர். டெஸ்க்டாப்பில் ஒரு மானிட்டர் கிராபிக்ஸ் கார்டிலும் இன்னொன்று மதர்போர்டின் எச்டிஎம்ஐயிலும் மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கார்டில் உருவாகும் ஒவ்வொரு ஃபிரேமும் அங்கிருந்து புராசஸரின் கிராபிக்ஸுக்குக் காப்பியாகி வெளியே வர வேண்டியிருக்கும். அங்கேயே சீர் கெடும். இரண்டையும் ஒரே கார்டில் மாட்டுங்கள். லேப்டாப்பில் இது வெளியே தெரியாது. எச்டிஎம்ஐ துளை ஒரு கிராபிக்ஸில், யூஎஸ்பி-சி துளை இன்னொன்றில் சேர்ந்திருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'கான்ஃபிகர் சரவுண்ட், ஃபிஸ்எக்ஸ்' பக்கத்தைத் திறந்தால் எந்தத் திரை எந்தச் சிப்பில் தொங்குகிறது என்று படமாகவே போட்டிருக்கும்.

டிஸ்ப்ளேலிங்க் வகை யூஎஸ்பி டாக்குகளை (ஒரே துளையிலிருந்து பல துளை தரும் பெட்டிகள்) முன்னோட்டத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அவை படத்தைக் கம்ப்யூட்டரின் புராசஸரால் அமுக்கி டேட்டாவாக அனுப்புகின்றன. எடிட்டிங்குக்கு வேண்டிய அதே புராசஸர்தான் அதற்கும் உழைக்கிறது. மெயில் படிக்க நல்ல சாதனம், வீடியோவுக்கு இல்லை. எம்1, எம்2 மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் தாங்கும் என்பதால் பலர் இந்தப் பக்கம் போகிறார்கள். அதற்கு இன்னொரு வழி இருக்கிறது, கீழே வருகிறது.

யூஎஸ்பி-சி-யிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான அடாப்டர்களில் பல 4கே-யை 30 ஹெர்ட்ஸில் மட்டுமே கொடுக்கும். 30 ஹெர்ட்ஸில் 25 ஃபிரேம் காட்சியைப் பார்த்தால் நான்கு ஃபிரேம் ஒருமுறையும் ஐந்தாவது இருமுறையும் வரும். நொண்டலிலேயே மோசமான நொண்டல் இது. மவுஸ் அம்பே விட்டுவிட்டு நகர்ந்தால் இதைச் சந்தேகியுங்கள். உடனடித் தீர்வு, வெளித்திரையை 1080-க்கு இறக்கி 50 ஹெர்ட்ஸ் வைப்பது.

இவ்வளவும் செய்த பிறகும் கிராபிக்ஸ் கார்டு வழியில் ஒரு குறை மிச்சமிருக்கும். மென்பொருள் படத்தை ஒலியின் கடிகாரத்தை வைத்து ஓட்டுகிறது. மானிட்டர் கிராபிக்ஸ் கார்டின் கடிகாரத்தில் புதுப்பிக்கிறது. இரண்டும் தனித்தனிக் கடிகாரங்கள். மெல்ல மெல்ல விலகி, எப்போதாவது ஒரு ஃபிரேம் இருமுறை வரும் அல்லது ஒன்று விழும். ஒரு திரை 60-லும் மற்றது 50-லும் இருந்தால் இது இன்னும் கொஞ்சம் அதிகம். அதனால் முடிந்தால் இரண்டு திரையையும் ஒரே ஹெர்ட்ஸில் வையுங்கள். திரையின் ஹெர்ட்ஸைத் தானே மாற்றும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இரண்டையும் முன்னோட்டத் திரைக்கு அணைத்துவிடுங்கள். யூடியூப் வேலை, கல்யாண வீடியோ, குறும்படம் என்றால் இது போதும். இதற்கு மேல் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

கலர் கிரேடிங்கும் செய்கிறீர்கள், எதிரில் வாடிக்கையாளரை உட்கார வைத்துக் காட்டுகிறீர்கள் என்றால் தனி வெளியீட்டுக் கார்டு வாங்குங்கள். டெஸ்க்டாப்புக்கு பிளாக்மேஜிக்கின் டெக்லிங்க் மினி மானிட்டர் 4கே. மேக்குக்கும் தண்டர்போல்ட் உள்ள லேப்டாப்புக்கும் அல்ட்ராஸ்டூடியோ மானிட்டர் 3ஜி. முன்னது 4கே 30 ஃபிரேம் வரை, பின்னது 1080-ல் 60 ஃபிரேம் வரை. 4கே 60 வேண்டுமென்றால் ஏஜேஏ-வின் டி-டேப் புரோ. இந்தக் கார்டை ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு மானிட்டராகவே பார்க்காது. டெஸ்க்டாப் படம், மவுஸ், நோட்டிஃபிகேஷன் எதுவும் அதில் வராது. டைம்லைன் படம் மட்டும், டைம்லைனின் ஃபிரேம் வேகத்திலேயே போகும். படத்துக்கும் ஒலிக்கும் கார்டின் ஒரே கடிகாரம். சீராக ஓடுவதன் ரகசியம் அதுதான். மேக்புக் ஏரின் 'ஒரே வெளித்திரை' கணக்கிலும் இது சேராது. மேலே சொன்ன வழி இதுவே.

வாங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. டெக்லிங்க் மினி மானிட்டர் 4கே-க்கு மதர்போர்டில் நான்கு லேன் பிசிஐஇ ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) வேண்டும். குட்டையான ஒரு லேன் ஸ்லாட்டில் அது உட்காராது. அல்ட்ராஸ்டூடியோ மானிட்டர் 3ஜி தண்டர்போல்ட் 3 அல்லது அதற்குப் பின் வந்த தண்டர்போல்ட் துளையில்தான் வேலை செய்யும். துளையின் வடிவம் ஒன்றாக இருப்பதால் சாதாரண யூஎஸ்பி-சி-யில் மாட்டிவிட்டு 'டப்பா பழுது' என்று நினைப்பவர்கள் உண்டு. துளையின் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா, லேப்டாப்பின் விவரப் பட்டியலில் தண்டர்போல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிசால்வில் அமைப்பது இப்படி. முதலில் பிளாக்மேஜிக்கின் 'டெஸ்க்டாப் வீடியோ' டிரைவரைப் போட்டு மெஷினை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பிரிஃபரன்சஸ், சிஸ்டம், 'வீடியோ அண்ட் ஆடியோ ஐ/ஓ'-வில் கார்டைத் தேர்ந்தெடுங்கள். புராஜெக்ட் செட்டிங்ஸின் மாஸ்டர் செட்டிங்ஸில் வீடியோ மானிட்டரிங் பகுதியில் ஃபார்மேட்டை டைம்லைனுக்குப் பொருத்தமாக, 1080பி 25 என்று வையுங்கள். டைம்லைன் 4கே-யாக இருந்தாலும் இங்கே 1080 வைக்கலாம். ஓட்டத்தைப் பார்க்க அது போதும், மெஷினுக்கும் சுமை குறையும். டைம்லைனில் கிளிப் போட்ட பிறகு அந்த டைம்லைனின் ஃபிரேம் வேகத்தை ரிசால்வ் மாற்றவிடாது. ஆகவே 24-ஆ 25-ஆ என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். பிரீமியரில் பிரிஃபரன்சஸ், பிளேபேக் பகுதியில் 'எனேபிள் மெர்க்குரி டிரான்ஸ்மிட்' போட்டு, பட்டியலில் பிளாக்மேஜிக்கை டிக் செய்யுங்கள். கார்டு இல்லாமல் சாதாரண மானிட்டருக்கு அனுப்புவதும் இதே இடம்தான், அந்த மானிட்டரின் பெயர் பட்டியலில் இருக்கும். ஃபைனல் கட்டில் விண்டோ மெனுவில் ஏ/வி அவுட்புட்.

எல்லாம் சரியாகச் செய்தும் திரை கறுப்பாக இருந்தால் கார்டைத் திட்டாதீர்கள். கார்டு 25 ஹெர்ட்ஸ் சிக்னலை அப்படியே அனுப்புகிறது. கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பல 24, 25 ஹெர்ட்ஸை ஏற்பதில்லை. 'நோ சிக்னல்' அல்லது 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டும். அதே ஒயரை ஒரு டிவியில் மாட்டினால் படம் வந்துவிடும். கார்டோடு மானிட்டரும் வாங்குவதாக இருந்தால் அதன் கையேட்டில் 1080பி 24, 25 ஏற்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிவியில் மாட்டினால் அதன் 'புத்திசாலித்தனத்தை' முழுக்க அணைக்க வேண்டும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். இல்லாத ஃபிரேமை நடுவில் தானே வரைந்து நுழைக்கும் வசதி அது. அது ஓடும்போது உங்கள் கட் எவ்வளவு சீராக இருக்கிறது என்று தெரியவே தெரியாது. மோசமான ஷாட்டையும் வழுவழுவென்று காட்டிவிடும், பார்ப்பவர் வீட்டில் உண்மை வெளிவரும். ஓரம் வெட்டுப்படுவதை நிறுத்த எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று தேடுங்கள். கறுப்பு சாம்பலாகவோ, நிழல் விவரம் முழுக்க மூழ்கியோ தெரிந்தால் ஒரு பக்கம் 16 முதல் 235 வரையும் மறுபக்கம் 0 முதல் 255 வரையும் பேசுகிறது என்று அர்த்தம். கார்டு வழியென்றால் ரிசால்வில் வீடியோ லெவல்ஸ், டிவியில் லிமிடெட் என்று இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

இனி விக்கல். இதற்குக் காரணம் பெரும்பாலும் கேமரா ஃபைல்தான். எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகள் இரண்டும் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக வைத்திருப்பதில்லை. ஒரு முழு ஃபிரேமும் அதற்குப் பிறகு வந்த மாற்றங்களும் மட்டுமே இருக்கும். ஒரு ஃபிரேமைக் காட்ட முந்தியவற்றையும் பிரிக்க வேண்டும். சிப்பில் அதற்கென்று தனிப் பகுதி இருந்தால் சுலபம். ஆனால் 4:2:2 10 பிட் (நிற விவரம் அதிகமுள்ள) பதிவை என்விடியா கார்டுகள் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன் வன்பொருளில் பிரிப்பதில்லை. எச்.265-ல் இதை இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் அதன் உள் கிராபிக்ஸ் செய்கிறது, ஆப்பிள் சிலிக்கானும் செய்கிறது. விலையுயர்ந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 உள்ள மெஷினில் விக்கும் கிளிப் சாதாரண மேக்புக் ஏரில் ஓடுவதன் காரணம் இதுதான்.

பிராக்ஸிதான் நேரடி வழி. ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்களை ரைட் கிளிக் செய்து 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா', பிறகு பிளேபேக் மெனுவில் 'பிரிஃபர் பிராக்ஸிஸ்'. 1080-ல் புரோரெஸ் (ஆப்பிளின் வீடியோ வடிவம்) பிராக்ஸி 25 ஃபிரேமுக்கு நொடிக்கு 38 மெகாபிட்; ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே தாங்கும். ஆனால் 4கே புரோரெஸ் 422 எச்கியூ என்றால் அதே 25 ஃபிரேமுக்கு 737 மெகாபிட், அதாவது நொடிக்கு 92 எம்பி. பழைய யூஎஸ்பி 2.0 துளையில் மாட்டிய டிஸ்க்கில் அது நகராது. இரண்டு டிராக் சேர்ந்து ஓடினால் ஹார்ட் டிஸ்க்கே திணறும், எஸ்எஸ்டி வேண்டும். சில நொடி நன்றாக ஓடி, பிறகு நின்று நின்று ஓடினால் டிஸ்க்கையும், டைம்லைனின் ஒரே இடத்தில் மட்டும் விக்கினால் அங்கே போட்டிருக்கும் எஃபெக்டையும் பாருங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்றவற்றுக்கு ரிசால்வில் ரெண்டர் கேஷை (முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் வசதி) ஸ்மார்ட் என்று வைத்தால் போதும். பிரிஃபரன்சஸில் யூசர் பிரிவின் பிளேபேக் செட்டிங்ஸில் ஓடும்போது இன்டர்ஃபேஸ் புதுப்பிப்பைக் குறைக்கும் தேர்வு உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

போனில் எடுத்த கிளிப் மட்டும் தகராறு செய்தால் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து ஃபிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' (வேகம் மாறிக்கொண்டிருப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் கொடுத்து மாற்றிவிட்டு உள்ளே இழுங்கள்.

கடைசியாக உதட்டசைவு. டிவி படத்தைப் பதப்படுத்த நேரம் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ஒலி உடனே வந்துவிடும். கேம் மோடில் வைத்தால் தாமதம் வெகுவாகக் குறையும். ஒலியையும் எச்டிஎம்ஐ வழியே டிவிக்கே அனுப்பினால் பெரும்பாலும் தானே சேர்ந்துவிடும். ஸ்பீக்கர்தான் வேண்டுமென்றால், கைதட்டும் ஷாட் ஒன்றை ஓடவிட்டு, டிவியும் ஸ்பீக்கரும் அருகருகே இருக்க, ஒலி பதிவாகும் சாதாரண வீடியோவாகப் போனில் 60 ஃபிரேமில் பிடியுங்கள். கைகள் சேரும் ஃபிரேமுக்கும் ஒலி அலை எழும் இடத்துக்கும் இடையில் எத்தனை ஃபிரேம் என்று டைம்லைனில் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிசெகண்ட் என்று பெருக்குங்கள். பிரீமியரின் அதே பிளேபேக் பகுதியில் மில்லிசெகண்டில் ஆஃப்செட் கொடுக்க இடம் இருக்கிறது. எண்ணைப் போட்டதும் விலகல் கூடினால் குறியை மாற்றிப் போடுங்கள். டிவியின் பிக்சர் மோடை யாராவது மாற்றினால் தாமதமும் மாறிவிடும், அளவை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.